நான் கேட்டு வாங்கிய கறுப்பு வெல்லம்

கறுப்பு வெல்லத்தைக் கண்டால் எனக்கு இப்போதும் குமட்டும். விழுப்புரம் கடைத்தெருவில் பச்சை போர்டு மாட்டிய இயற்கை அங்காடிகளில் கண்ணாடி ஜாடிக்குள் கரிக்கட்டை மாதிரி அடுக்கி வைத்திருப்பார்கள். வருகிற சனம் அதைக் கையில் எடுத்து, எவ்வளவு கறுப்பு பார், கெமிக்கலே இல்லை என்று பூரித்துப்போகும். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியாது. தொண்டையில் ஒரு புளிப்பு ஏறும். அந்தச் சனத்தைச் சொல்லி என்ன பிரயோசனம்? எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பேச்சைக் கற்றுக் கொடுத்தவளே நான்தான்.

நான் சயின்ஸ் டீச்சர். வீடு விழுப்புரத்தில், பள்ளிக்கூடம் திண்டிவனத்தில். தினமும் போக வர பஸ்தான். நாக்கு கொஞ்சம் நீளம் என்று வீட்டிலேயே சொல்வார்கள். எதையாவது தெரிந்துகொண்டால் நாலு பேர் காதில் போடாமல் எனக்குச் சோறு இறங்காது. அதிலும் சாப்பாட்டுச் சமாசாரம் என்றால் கேட்கவே வேண்டாம். ஸ்டாஃப் ரூமில் டப்பாவைத் திறக்கிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டுத்தான் திறப்பார்கள். இது எந்த எண்ணெய், அந்தக் கீரை எந்தக் கால்வாயில் கழுவியது என்று ஆரம்பித்துவிடுவேன். அவர்கள் சாப்பிட்ட மாதிரிதான்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது ஒரு கத்திரிக்காயால். வானூர் பக்கம் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவருக்கு என் மகளின் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போயிருந்தோம். தோட்டத்தில் காய் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. பறித்த கத்திரிக்காயைக் கூடையோடு ஒரு நீலப் பேரலுக்குள் முக்கி எடுத்தார்கள். தண்ணீர் கஞ்சி மாதிரி வெளுத்திருந்தது. நான் கழுவுகிறார்கள் என்று நினைத்தேன். கிட்டே போனதும் மூக்கு எரிந்தது. பூச்சிமருந்தாம். முக்கி எடுத்தால்தான் மார்க்கெட்டில் போய் நிற்கிற வரைக்கும் சொத்தை விழாமல் பளபளவென்று இருக்குமாம். எனக்குப் பையில் போட்டுத் தர மட்டும் சொந்தக்காரர் கிணற்றோரம் இருந்த நாலைந்து செடியிலிருந்து பறித்து வந்தார். "இது நம்ம வூட்டுக்குங்க, மருந்து படாதது" என்று சிரித்துக்கொண்டே நீட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பேரல் கத்திரிக்காய் யார் வீட்டுக்குப் போகிறது? போன வாரம் பளபளவென்று இருக்கிறதே என்று பொறுக்கிப் பொறுக்கி வாங்கியவள் நான். சீ என்று ஆகிவிட்டது.

அன்றைக்கு எடுத்த முடிவு, எதையும் விளைகிற இடத்திலேயே கண்ணால் பார்த்து வாங்குவது என்று. முகையூர் பக்கத்திலிருந்து கேப்பையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் வந்தது. வெல்லத்துக்காகக் கெடார் பக்கம் ஓர் ஆலைக்காரரைப் பிடித்தேன். சொந்த நிலம், சொந்தக் கரும்பு. வயலோரத்தில் கொட்டாய் போட்டு, கரும்பை அங்கேயே ஆட்டி, அங்கேயே காய்ச்சி உருண்டை பிடிப்பார்கள். அவரும் அவர் வீட்டம்மாவும் கூலிக்கு வருகிற இரண்டு பேரும்தான் வேலை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தேன். பெரிய கொப்பரையில் சாறு கொதித்தது. அழுக்கு நுரையை வழித்து வழித்து வெளியே கொட்டினார்கள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பாகு திரண்டு வருகிற நேரத்தில் அவர் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் கை விட்டு வெள்ளைப் பவுடரை அள்ளி வீசினார். பழுப்பாக இருந்த பாகு என் கண்ணெதிரில் மஞ்சளாக மாறியது. குப்பென்று கந்தக வாடை. துணி வெளுக்கப் போடுகிற சரக்கு அது. பொங்கலுக்கு நாம் பால் பொங்கி, அதில் தட்டிப் போட்டு, சாமிக்குப் படைத்து, வழித்து வழித்துத் தின்கிற மஞ்சள் வெல்லத்தின் அழகு இந்த வாளியில் இருந்து வந்ததுதான். கேட்டதற்கு, மண்டியில் மஞ்சளாக இருந்தால்தான் எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புகிறார்கள் என்றார்.

அங்கேயே நின்று ஒரு பாடம் நடத்திவிட்டு வந்தேன். பவுடர் போடாமல் செய்து கொடுங்கள், எங்கள் பள்ளிக்கூடத்தில் மட்டும் பத்து வீடு இருக்கிறது, நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், வெல்லம் என்றால் கறுப்பாக இருக்க வேண்டும் என்றேன். கறுப்பாக இருக்க வேண்டும் என்று எனக்கு யார் சொன்னது? எதிலோ படித்தேன், யாரோ போனில் அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற ஆட்களை வகுப்பில் கிண்டல் செய்கிற நான், கறுத்ததெல்லாம் நல்ல வெல்லம் என்று நம்பிவிட்டேன். இரண்டும் ஒரே முட்டாள்தனம் என்று உறைக்கவில்லை.

தை பிறந்து நாலைந்து நாளில் அவர் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு என் வீட்டு வாசலுக்கே வந்தார். வெண்டைச் செடித் தண்டை நசுக்கிப் போட்டு அழுக்கு எடுத்தோம், பவுடர் தொடவே இல்லை என்று சொல்லிக்கொண்டே துணியை அவிழ்த்தார். உள்ளே இருந்த வெல்லம் இளம் பழுப்பாக, தேன் நிறத்தில் இருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறியது. கறுப்பு எங்கே? ஒரு கை பவுடருக்குப் பதில் அரைக் கை போட்டுவிட்டு என் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

"நான் சயின்ஸ் டீச்சர். எங்கிட்டயேவா?" என்றேன். தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் குரலைக் குறைக்கவில்லை.

"பவுடரு போடலைங்க டீச்சர். இதுதாங்க நம்ம மண்ணுக்கு வர்ற நெறம்" என்றார். தின்று பார்க்கச் சொல்லி ஒரு துண்டை உடைத்து நீட்டினார். நான் கையால்கூடத் தொடவில்லை. கறுப்பாக இருந்தால் கொண்டு வாருங்கள், இல்லாவிட்டால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் துணியை முடிச்சுப் போட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். நான் உள்ளே வந்து பெரிய காரியம் சாதித்த மாதிரி ஃபேனைப் போட்டு உட்கார்ந்தேன்.

மாசியில் வந்தது கறுப்பு வெல்லம். நல்ல மினுமினுப்பான கறுப்பு. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஒட்டும். அப்படி வா வழிக்கு என்றேன் அவரிடம். அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. அதிலிருந்து மாதா மாதம் அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஆலைப் பக்கம் நான் மறுபடி போகவில்லை. ஒரு தடவைதான் பார்த்துவிட்டேனே என்ற தைரியம். ஸ்டாஃப் ரூமில் எல்லாரும் வாங்கினார்கள். சர்க்கரை வியாதிக்காரருக்குக்கூட ஒன்றும் செய்யாது என்று நானே அளந்துவிட, எங்கள் தலைமை ஆசிரியை தன் வீட்டுக்காரருக்குத் தினம் இரண்டு வேளை அதில் காபி போட்டுக் கொடுத்தார். கொஞ்சம் புளிப்பாக இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு, இயற்கை என்றால் அப்படித்தான், உங்கள் நாக்கு கெமிக்கலுக்குப் பழகிப்போனது என்று பதில் வைத்திருந்தேன்.

ஆவணியில் என் மகள் பிள்ளை பெற்றாள். முதல் பிரசவம் என்பதால் திண்டிவனத்துப் புகுந்த வீட்டிலிருந்து ஏழாம் மாசமே அழைத்து வந்திருந்தோம். பெண் குழந்தை. சுகப்பிரசவம்தான், ஆனால் மகளுக்கு ரத்தம் நிறையப் போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா கண் இமையை இழுத்துப் பார்த்து, உடம்பில் ரத்தமே இல்லை, நல்லா சாப்பிட வையுங்கள், தேறினால்தான் பிள்ளைக்குப் பால் கொடுக்க முடியும் என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். எழுந்து நடந்தால் தலை சுற்றும். குழந்தை பாலுக்கு அழுதால் இவளும் சேர்ந்து அழுவாள். எனக்கு ஒரே நினைப்புதான். இவளைத் தேற்ற வேண்டும்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்தை நானே கிளறினேன். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சீரகம் எல்லாம் வறுத்து இடித்து, வெல்லப் பாகு காய்ச்சி, நல்லெண்ணெய் விட்டுக் கிளறி உருண்டை பிடிப்பது. வெல்லம் கறுப்பு வெல்லம். கறுப்பில் இரும்புச்சத்து அதிகம் என்று நானே ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேனே. எந்த வீட்டிலும் வெல்லத்தைக் கரைத்தால் துணியில் வடிகட்டாமல் பாகு வைக்க மாட்டார்கள். நான் வடிகட்டவில்லை. சுத்தமான சரக்குக்கு எதற்கு வடிகட்டி, சத்தெல்லாம் போய்விடும் என்று அப்படியே கொட்டினேன்.

முதல் உருண்டையை வாயில் வைத்ததுமே மகள் முகத்தைச் சுளித்தாள். புளித்த வாடை வருகிறது என்றாள்.

"உன் நாக்குக்கு என்னடி தெரியும்? நெறத்தப் பாரு" என்றேன்.

காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. எலுமிச்சங்காய் அளவு. வேண்டாம் என்று தலையைத் திருப்பினால், தாடையைப் பிடித்து வாயில் திணித்தேன். உனக்காக இல்லை, அந்தக் குழந்தைக்காகத் தின்னு என்று சொன்னேன். நாலாம் நாள் இவளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. ஆறாம் நாள் குழந்தைக்கும் பச்சை பச்சையாகப் போனது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பயமில்லை என்றார். பெற்றவளுக்கு எப்படி இத்தனை நாளாக வயிறு சரியில்லை, என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். எல்லாம் ஆர்கானிக்தான், வெளியே வாங்கியது ஒன்றுமே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவள் நான். மருந்து சூடு என்பதால் அப்படி இருக்கும் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டு, வீட்டுக்கு வந்து அடுத்த உருண்டையைக் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள் சாயந்திரம் மகள் மென்றுகொண்டே இருந்தவள் நிறுத்தினாள். விரலை வாய்க்குள் விட்டு எதையோ இழுத்தாள். விரல் நீளத்துக்குச் சாக்கு நார். அதன் நுனியில் பாகு படிந்த ஒரு குளவி, இறக்கை ஒட்டிப்போய் முழுசாக இருந்தது. கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தவள், அப்படியே முற்றத்துக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அந்த உடம்போடு அவளால் நிற்க முடியவில்லை. நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். வீட்டில் மிச்சம் இருந்த கறுப்பு வெல்லத்தை எடுத்து வெந்நீரில் கரைத்துத் துணியில் வடிகட்டினேன். துணியில் நின்றதை எழுதவே கூசுகிறது. சாக்குத் தூசு, எறும்புத் தலைகள், ஒரு பீடித் துண்டு. வாடை, பழைய சோற்றுத் தண்ணீர் மூன்று நாள் கிடந்த வாடை. கருமம், இந்த மூக்கு இத்தனை மாதம் எங்கே போயிருந்தது என்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல் இருந்தது.

மறுநாள் காலையில் முதல் டவுன் பஸ்ஸில் கெடார் போனேன். சொல்லாமல்தான் போனேன். வரப்பில் நடக்கும்போதுதான் எனக்கு முதல் தடவையாக அந்த விஷயம் உறைத்தது. வயலில் இன்னும் முற்றாத இளங்கரும்புதான் நின்றது. வெட்டுகிற காலம் முடிந்து எத்தனையோ மாதம் ஆகியிருக்க வேண்டும். அப்படியானால் போன வாரம் வெதுவெதுப்பாகவே வந்து இறங்கிய வெல்லம் எந்தக் கரும்பில் செய்தது? பிள்ளைகளுக்கு எந்தப் பருவத்தில் எந்தப் பயிர் என்று பாடம் எடுக்கிறவள் நான். ஆடியிலும் ஆவணியிலும் புது வெல்லம் வருகிறதே என்று ஒரு நாள்கூட யோசித்ததில்லை.

கொட்டாயில் ஆலை தூசி படிந்து நின்றது. அடுப்பு மட்டும் எரிந்தது. ஓரத்தில் பத்துப் பன்னிரண்டு சாக்கு மூட்டைகள். மண்டியில் விற்காமல் கிடந்து மழைக்காற்றில் கசிந்துபோன பழைய வெல்லம். மூட்டைக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒழுகித் தரையெல்லாம் ஓடி, மண்ணோடு சேர்ந்து சகதியாகக் கிடந்தது. அதன்மேல் குளவியும் ஈயும் மொய்த்தன. ஒரு நாய் ஓரமாகப் படுத்து அந்தச் சகதியை நக்கிக்கொண்டிருந்தது. ஆலைக்காரர் ஒரு மூட்டையை அப்படியே கவிழ்த்துக் கொப்பரையில் தட்டினார். சாக்கில் ஒட்டியிருந்ததையும் சுரண்டிப் போட்டார். அவர் வீட்டம்மா துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார். கறுப்பு, நல்ல மினுமினுப்பான கறுப்பு. நான் கொட்டாய்க் கம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். காலையில் குடித்த காபி அங்கேயே வந்துவிட்டது.

அவர்கள் பதறி ஓடிவந்து தண்ணீர் கொடுத்தார்கள். நான் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். மாட்டுக்குக்கூட வைக்க முடியாத அழுகலைக் காய்ச்சி மனுஷருக்கு விற்கிறீர்களே, உங்களுக்கு மனசாட்சி இருக்கிறதா என்று கேட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோதுதான் அவர் பேசினார்.

"மண்டியில மஞ்சளா கேட்டாங்க, பவுடரு போட்டுக் குடுத்தோம். நீங்க பவுடரு வாணாம்னீங்க. ஒண்ணுமே போடாம செஞ்சு எடுத்துக்கினு வந்தேன். தெருவுல நிக்க வச்சி திருடன்னுட்டீங்க. கரும்பு அந்தக் கறுப்பு குடுக்காதுங்க டீச்சர். இதுதாங்க குடுக்கும்."

அதற்காக அழுகினதைக் கொடுப்பதா என்று கேட்டேன். பள்ளிக்கூடத்தில் யார் யாருக்கோ விற்கத்தான் வாங்குகிறீர்கள் என்று நினைத்தேன் என்றார், முணுமுணுப்பாக. யார் யாருக்கோ. எனக்கு அந்த நீலப் பேரல் நினைவு வந்தது. முகம் தெரிந்தவனுக்குக் கிணற்றோரத்துச் செடி, முகம் தெரியாதவனுக்குப் பேரல். நானும் அப்படித்தானே, என் பத்து வீட்டுக்கும் தின்று பார்க்காமல் பெருமையை மட்டும் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன்? அவர்மேல் வந்த அருவருப்பு பாதி அங்கேயே என் பக்கம் திரும்பிவிட்டது. மீதிப் பாதி இன்னும் அவர்மேல்தான் இருக்கிறது. அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

வீட்டம்மாதான், எதற்காக வாங்கிப் போனேன், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். பிள்ளை பெற்றவளுக்கு மருந்து கிளறினேன் என்று சொன்னதும் அவர் துடுப்பை அப்படியே கீழே போட்டுவிட்டார்.

"அய்யோ, பச்ச ஒடம்புக்காரிக்கா குடுத்தீங்க? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதாங்க?"

வீட்டுக்குள் ஓடிப்போய் ஓர் எவர்சில்வர் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே தேன் நிறத்தில் பத்துப் பதினைந்து உருண்டைகள். தை மாதம் என் வாசலிலிருந்து திரும்பிப் போன அதே வெல்லம். வீணாக்க மனசு வரவில்லை, எங்கள் வீட்டுக்கு வைத்துக்கொண்டோம், இவ்வளவு நாளும் இதைத்தான் சாப்பிடுகிறோம் என்றார். ஒரு துண்டை வாயில் போட்டேன். கரும்பு கடித்த மாதிரி இருந்தது. ஏழு மாதம் ஆகியும் கசியவில்லை, புளிக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மீதி உருண்டைகளை ஒரு பையில் கட்டிக் கையில் கொடுத்தார். ஆலைக்காரர் அடுப்பிலிருந்து விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தார். என் பேச்சுக்காக நிறுத்திவிட்டாரா, நான் போகிறவரைக்கும்தானா என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு நான் அங்கே போகவில்லை.

மதியத்துக்குள் வீடு திரும்பினேன். மகள் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் பையைப் பிரித்து ஒரு உருண்டையை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"வெளுப்பா இருக்கேம்மா. பவுடர் போட்டதா?" என்றாள்.

என் வார்த்தை, என் குரல்கூட. நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மண்டி மூட்டையை, சகதியை, நாயை, தை மாதம் வாசலில் நான் போட்ட சத்தத்தை, எதையும் விடவில்லை. அடுத்த வாரம் ஸ்டாஃப் ரூமில் பத்துப் பேர் முன்னால் நின்று சொன்னதுகூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இல்லை. என்னைத் திட்டினால் தேவலை என்று இருந்தது. கேட்டு முடித்ததும் வெல்லத்தை வாங்கி நுனியில் கொஞ்சம் கடித்தாள். மெதுவாகச் சப்பினாள். குழந்தை சிணுங்கியது, தட்டிக் கொடுத்தாள்.

"மொத நாளே புளிக்குதுன்னு சொன்னேனேம்மா" என்றாள்.

ஒன்பது நாள். காலையில் ஒன்று, சாயந்திரம் ஒன்று. அவள் தாடையைப் பிடித்து வாயைத் திறந்தது நான்தான்.